மறைக்கத்தான் கல்லைக் குவித்தார்கள்

ரேஷன் அரிசியைப் பதுக்கிவிட்டார்கள் என்று செய்தியில் படிக்கிறோமே, அந்தப் 'பதுக்கு'தான். பதுங்கினால் தன்னை மறைத்துக்கொள்வது, பதுக்கினால் இன்னொன்றை மறைத்துவைப்பது. புலி பதுங்கும், வியாபாரி பதுக்குவான். இதே வேரிலிருந்து சங்கப் பாட்டுகளில் ஒரு சொல் வருகிறது: பதுக்கை. காட்டு வழியில் செத்துக் கிடந்தவன்மேல் கல்லையும் தழையையும் போட்டு மூடிய குவியலுக்கு அதுதான் பெயர்.

எனக்கு இந்தச் சொல்மேல் ஒரு மயக்கம் உண்டு. ஏனென்றால் அது செய்ய வந்த வேலை ஒன்று, கடைசியில் செய்த வேலை அதற்கு நேர் எதிரானது. மறைப்பதற்காகப் போட்ட கல்தான். ஆனால் வெட்டவெளியில், மரம்கூடக் காய்ந்துபோன இடத்தில், ஒரு கல் குவியலைப் போலக் கண்ணை உறுத்தும் பொருள் வேறு எது? உடலை மறைத்த கல், அங்கே ஒரு சாவு நடந்தது என்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்தது. நினைவுச்சின்னம், வழிகாட்டிக் கல், நடுகல் என்று நாம் பிற்பாடு பேசும் பலவற்றின் தொடக்கம் இந்தக் குளறுபடியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் களத்தைப் பார்ப்போம். பாலை வழி. வணிகரும் பாணரும் பொருள் தேடிப் போகும் இளைஞரும் நடந்து போகிற பாதை. ஊரில்லை, நீரில்லை, நிழலுமில்லை. வழிப்போக்கர்களை 'வம்பலர்' என்று சொல்வார்கள், அதாவது ஊருக்குப் புதியவர்கள். அவர்களுக்காக வில்லோடு காத்திருக்கும் மறவர்கள். கலித்தொகையின் நான்காம் பாட்டில் இவர்களைப் பற்றி ஒரு குறிப்பு வரும், படித்தால் வயிறு கலங்கும்: வருகிறவனிடம் பறிக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவன் துள்ளித் துடிப்பதைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பின்தொடர்ந்து போய்க் கொல்வார்களாம். கொள்ளைகூட ஒரு கணக்கு, சரி. இது வேறு.

அப்படி விழுந்தவனை என்ன செய்வது? சொந்த ஊர் எங்கோ இருக்கிறது. தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. விறகடுக்கி எரிக்க நேரமில்லை, குழி தோண்டலாம் என்றால் பரல் நிறைந்த இறுகிய தரை, கையில் மண்வெட்டி கிடையாது. விட்டுவிட்டுப் போனால் நரியும் பருந்தும் பார்த்துக்கொள்ளும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கல்லும் சருகும் மட்டும்தான். அதைப் போட்டு மூடுகிறார்கள். பதுக்கை என்பது ஒரு சடங்காகத் தொடங்கியிருக்க முடியாது. வேறு வழியில்லாதவன் செய்த அவசர வேலை அது. மூடியது யார்? கூட வந்து தப்பியவர்களாக இருக்கலாம், மறுநாள் அந்த வழியே வந்த வேறு கூட்டமாக இருக்கலாம், கொன்றவனே தடயத்தை மறைக்கப் போட்டதாகவும் இருக்கலாம். பின்னால் வந்த வழிப்போக்கர்கள் என்பதுதான் என் ஊகம். அந்தப் பாதையில் நடக்கிறவனுக்குத் தெரியும், அடுத்த வளைவில் தானே அப்படிக் கிடக்கலாம் என்று. தனக்கு ஒருவன் செய்யவேண்டியதைத் தான் இன்னொருவனுக்குச் செய்துவிட்டுப் போகிறான்.

புறநானூற்றின் மூன்றாம் பாட்டை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். பாண்டியன் ஒருவனை இரும்பிடர்த்தலையார் பாடியது. வள்ளலைத் தேடி இரவலர்கள் எப்படிப்பட்ட வழியைக் கடந்து வருகிறார்கள் என்று சொல்லும்போது 'அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை' என்கிறார். குறி தப்பாத ஆடவர் அம்பு விட, விழுந்தவர்களின் புதிய பதுக்கை. அங்கே உன்ன மரத்தில் வளைந்த அலகுள்ள ஒரு பருந்து உட்கார்ந்து 'உயவும்', அதாவது வருந்தும். பருந்துக்கு என்ன வருத்தம்? கல்லால் மூடிவிட்டார்களே, எட்டவில்லையே என்ற வருத்தம் என்றுதான் நான் வாசிக்கிறேன். பதுக்கை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கு அந்தப் பருந்துதான் சாட்சி. அப்புறம் அந்த இடத்துக்கு அவர் சொல்லும் பெயரைப் பாருங்கள்: 'துன்னருங் கவலை'. நெருங்கமுடியாத கவலை. கவலை என்றால் அன்றைக்குப் பாதை பிரியும் இடம், கவர்த்த வழி. கவர்த்த வழியில் நிற்கிறவன் எந்தப் பக்கம் போவது என்று பார்க்கிறான், ஒரு கிளையில் கல் குவிந்து கிடக்கிறது. பலகையில் எழுதி மாட்டவேண்டிய தேவையே இல்லை.

கலித்தொகை 12 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதுக்கைகள் வரிசை வரிசையாக, நீளமாகப் போட்ட முள்வேலி போல இருக்கின்றனவாம். ஒன்றிரண்டு இல்லை, வேலி போட்ட மாதிரி. இதில் புலவர் மிகைப்படுத்தல் எவ்வளவு என்பதை விட்டுவிடுவோம். அந்தப் பாதையில் போகிறவர்களுக்குக் கற்குவியல்கள் பழக்கப்பட்ட காட்சி, கேட்கிறவர்களுக்கும் உவமை சொன்னால் புரிகிற காட்சி, அது போதும்.

அகநானூறு 67தான் எனக்கு இதில் முக்கியமான பாட்டு, ஏனென்றால் ஒரே பாட்டில் இரண்டு வகைக் கல்லும் வருகிறது. முதலில், நல்ல போரில் வென்று மாண்ட மறவர்களுக்கு வழிதோறும் நிற்கும் நடுகல். அதில் 'பெயரும் பீடும்', அதாவது பெயரும் பெருமையும், எழுதியிருக்கிறது, மயிற்பீலி சூட்டியிருக்கிறது, பக்கத்தில் வேலை ஊன்றிக் கேடயத்தைச் சார்த்தி வைத்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் எதிரியின் போர்முனை மாதிரியே தெரிகிறது. சில அடிகள் தள்ளி, 'உவல் இடு பதுக்கை'. உவல் என்றால் தழை, சருகு. தழை போட்டு மூடிய பதுக்கைகள் கரிய கேடயங்களை வரிசையாக வைத்தது போலத் தெரிகின்றனவாம். இங்கே பெயருமில்லை, பீடுமில்லை. ஒரே பாதை, ஒரே வகைச் சாவு, இரண்டு தரம். மாடு மீட்டுச் செத்தவனுக்கு எழுத்து. வியாபாரத்துக்குப் போய்ச் செத்தவனுக்குச் சருகு.

ஆனால் இரண்டும் தொடர்பில்லாதவை அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்பதைக் கிட்டத்தட்ட செய்முறைக் குறிப்பு போலவே சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது, புறநானூறு 264. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பரல் நிறைந்த மேட்டுப் பக்கத்தில் 'பதுக்கை சேர்த்தி', மரல் நாரைக் கிழித்துத் தொடுத்த சிவந்த பூக்கண்ணியைப் போட்டு, மயிற்பீலி சூட்டி, பெயர் பொறித்து, கல்லை நட்டுவிட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பதுக்கை. அதன்மேல் பூ, பீலி. அப்புறம் பெயர். கடைசியில்தான் கல் நடுவது. பழைய அவசரக் குவியல் அடியில் அப்படியே இருக்கிறது, நடுகல் அதன்மேல் ஏறி நிற்கிறது. பாட்டு அதோடு முடியாமல் ஒரு கேள்வி கேட்கும்: மாட்டை மீட்டுத் தந்த அந்த நெடுந்தகை போய்விட்டான் என்று தெரியாமல் பாணர் கூட்டம் இன்றைக்கும் வருமோ? வந்தால் அவர்களுக்குச் சேதி சொல்லப்போவது அந்தக் கல்தான். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு கட்டங்கள் சொல்கிறது. அது சடங்கு முழுதாக வளர்ந்துவிட்ட காலத்துப் பட்டியல். அதில் அந்தப் பழைய கூழாங்கல் குவியலுக்குத் தனி இடம் இல்லை.

இதெல்லாம் பாட்டுதானே, புலவர் கற்பனையாக இருக்கக்கூடாதா என்று நெடுங்காலம் கேட்க முடிந்தது. நடுகல்லில் எழுத்து இருந்தது என்று பாட்டுகள் சொன்னாலும், நமக்குக் கிடைத்த எழுத்துள்ள நடுகற்கள் எல்லாம் செங்கம், தருமபுரிப் பக்கத்தில் பல்லவர் காலத்தை ஒட்டியவையாகவே இருந்தன. 2006இல் தேனி மாவட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று கற்களைக் கண்டது. உருவம் எதுவும் செதுக்காத கற்கள், எழுத்து மட்டும். ஒன்றில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த பேடு என்ற ஊர்த் தீயன் அந்தவனின் கல் என்று அதைப் படிக்கிறார்கள். 'ஆகோள்' தொல்காப்பியத்தில் இருக்கிற சொல். அதை ஓர் ஊர்க்காரன் சாவுக்கு வெட்டிய கல்லில் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. பாட்டும் பாதையும் ஒரே மொழியைப் பேசியிருக்கின்றன.

பெயர் எழுதுவது தொடங்கியதும் அது எங்கே போய் நின்றது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டுச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன், பக்கத்தில் அவனுடைய நாய். கள்ளர்களைக் கடித்துவிட்டு எசமானனுக்குக் காவலாக நின்ற அந்த நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது, கோவிவன். ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது. முள்வேலி போல நீண்ட பதுக்கை வரிசையில் கிடந்த ஒரு மனிதன் பெயர்கூடத் தெரியாது. நாய்மேல் எனக்குக் கோபமில்லை, அது அந்தப் பெயருக்குத் தகுதியானதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகவேண்டும். தொல்லியல்காரர்கள் 'கற்பதுக்கை' என்று சொன்னால் அது நான் இவ்வளவு நேரம் பேசிய பதுக்கை இல்லை. பலகைக்கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு மூடுகல் போட்டு மண்ணுக்குள் அமைத்த பெட்டிதான் அவர்கள் கணக்கில் கற்பதுக்கை. அதே அமைப்பு தரைக்கு மேலே நின்றால் கற்திட்டை. மேலே குவித்த சிறு கற்களின் மேடு கற்குவை. அதைச் சுற்றி வட்டமாக வைத்த பெருங்கற்கள் கல்வட்டம். ஒற்றையாக நிறுத்திய உயரமான கல், நெடுநிலைக்கல் அல்லது ஊர்வழக்கில் குத்துக்கல். பெரும்பாலும் இவை கலந்தே வரும்: மண்ணுக்குள் பெட்டி, அதன்மேல் கற்குவை, சுற்றிலும் வட்டம். சங்கப் பதுக்கையைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பெருங்கற்கால ஈமச்சின்னப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். பாலை வழியில் அம்படிபட்டுக் கிடந்தவனுக்கு யாரும் பலகைக்கல் உடைத்துப் பெட்டி செய்யவில்லை.

இந்தப் பெரிய வகை வேறு உலகம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் பல கட்டமாகத் தோண்டிய ஊர். மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள், பானை ஓட்டில் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள். அந்த ஊரின் சுடுகாடு முழுக்கக் கல்வட்டங்கள். ஒரு கல்வட்டம் அமைக்கக் குழி வெட்டவேண்டும், பலகைக்கல் பிளக்கவேண்டும், அதில் ஒன்றில் வட்டமான துளை போடவேண்டும் (ஆய்வாளர்கள் இதை இடுதுளை என்கிறார்கள்), பானைகளும் படையலும் வைக்கவேண்டும், மூடி, மண் நிரப்பி, கல் குவித்து, பெரிய உருண்டைக் கற்களை உருட்டி வந்து சுற்றிலும் பதிக்கவேண்டும். ஊரே சேர்ந்து பல நாள் செய்யும் வேலை. பல இடங்களில் முழு உடலையும் வைப்பதில்லை, வேறெங்கோ கிடத்தி எலும்பான பிறகு பொறுக்கி எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் சாவுக்கும் இந்தக் கட்டுமானத்துக்கும் நடுவே காலம் ஓடியிருக்கிறது, ஆற அமரச் செய்திருக்கிறார்கள்.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். 2009-10இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே தோண்டியபோது ஒரு கல்லறைக்குள் இருந்த நான்கு கால் சாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் கிடைத்தது. அந்த நெல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் 'வயிர' என்று தமிழியில் பொறித்த பானைத்தாங்கி. செத்தவனுக்கு வழிச்சோறாக வைத்த நெல்தான் இன்றைக்குத் தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய சண்டையில் ஒரு கட்சிக்கு ஆதாரமாக நிற்கிறது. கல்லைக் குவித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரே காலத்தில் இத்தனை வகை ஏன் என்று கேட்டால், மணிமேகலை அதற்கு ஒரு வரியில் பதில் சொல்கிறது: 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்'. எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைத்து மூடுகிறவர், தாழியில் கவிப்பவர். ஒரு நகரத்துச் சுடுகாட்டில் ஐந்து வழக்கமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறது. ஆளுக்கொரு முறை, குடிக்கொரு முறை.

நீலகிரியில் கதை கொஞ்சம் மாறும். அங்கே கற்குவைகள் பலவும் மலை உச்சிகளில் இருக்கின்றன, சில இடங்களில் கல்லை வட்டச் சுவர் போலவே அடுக்கியிருக்கிறார்கள். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இவற்றில் பலவற்றைத் தோண்டினார். எருமையும் குதிரையும் மூடிமேல் நிற்கும் விநோதமான பானைகள், வெண்கலக் கிண்ணங்கள் எல்லாம் கிடைத்தன. 1872இல் அவர் இறந்துபோக, அறிக்கை மறுவருடம் வந்தது. அந்தப் பொருட்கள் இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. உச்சியில் கட்டியது தற்செயலாக இருக்காது. பள்ளத்தாக்கில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் மறைப்பது என்ற பழைய வேலை சுத்தமாக மாறி, காட்டுவதே வேலையாகிவிட்டது.

சமவெளியில் இந்த மேடுகளை மக்கள் அழைக்கும் பெயர் பாண்டவர் குழி, பாண்டவர் வீடு. வனவாசத்தில் பஞ்சபாண்டவர் தங்கிய இடமாம். 'மாண்டவர் குழி' என்பதுதான் இப்படித் திரிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சில ஊர்களில் வாலியர் வீடு என்பார்கள், குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு. எப்படியோ, இது நம் தாத்தாவின் கல்லறை என்று யாரும் சொல்வதில்லை. யாரோ ஒருவருடையது என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

வெளியே பார்த்தால் பாலைப் பதுக்கைக்கு மிக நெருங்கிய உறவு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. கொய்கொய் மக்களின் கதைகளில் ஹைட்சி ஐபிப் என்று ஒரு வீரன், பலமுறை செத்துப் பலமுறை எழுந்தவன். மலைக்கணவாய்களில் கிடக்கும் கற்குவியல்கள் எல்லாம் அவனுடைய கல்லறைகள். அவ்வழியே போகிறவர் ஒரு கல்லையோ பச்சைக் கிளையையோ அதன்மேல் போட்டுவிட்டுப் போவார், வழிப்பயணம் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று. கல்லும் தழையும். 'உவல் இடு பதுக்கை'யைப் படித்த யாருக்கும் இது சட்டென்று உறைக்கும். இதற்காக இரண்டுக்கும் தொடர்பு இருந்தது, கடல் கடந்து போனது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கல்லும் தழையும் எல்லாக் காட்டுவழியிலும் கிடைக்கிற பொருள். ஆண்டிஸ் மலையின் கணவாய்களில் அபச்சேத்தா, மங்கோலியாவில் ஓவோ, இரண்டிலும் வழிப்போக்கன் தன் பங்குக்கு ஒரு கல் சேர்க்கிறான். மங்கோலியர் அதை வலமாக மூன்று சுற்றுச் சுற்றுவார்கள், நமக்கு அதை விளக்கவே வேண்டாம். ஸ்காட்லாந்தில் 'உன் கற்குவையில் ஒரு கல் வைப்பேன்' என்பது உன்னை மறக்கமாட்டேன் என்பதற்கு ஒரு வாக்கு.

சாவோடு சேராத குவியல்களும் உண்டு. வடதுருவப் பகுதியில் இனுயிட் மக்கள் அடுக்கும் இனுக்ஷுக் அப்படி: வழி காட்ட, மீன் கிடைக்கும் இடத்தைக் குறிக்க, காரிபூ மான்களைத் திருப்பி ஓட்ட. மரமே இல்லாத பனிவெளியில் வேறு எதை வைத்து அடையாளம் சொல்வது? 1999இல் உருவான நுனாவுட் பிரதேசத்தின் கொடியிலேயே அது நிற்கிறது. ஆனால் அதே பனிவெளியில் கல் குவியலை வேறொரு வேலைக்கும் வைத்தார்கள், தபால் பெட்டியாக. 1845இல் ஜான் பிராங்கிளின் தலைமையில் 129 பேரோடு போன இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் காணாமல் போயின. 1859இல் கிங் வில்லியம் தீவில் ஒரு கற்குவையில் ஒரே ஒரு தாள் கிடைத்தது. 1847 மே மாதம் எழுதியது: எல்லாரும் நலம். அதே தாளின் ஓரத்தில் 1848 ஏப்ரலில் நுணுக்கி எழுதியது: பிராங்கிளின் 1847 ஜூன் 11இல் இறந்துவிட்டார், இதுவரை 24 பேர் சாவு, மிச்சம் 105 பேர் கப்பலை விட்டுவிட்டுத் தெற்கே நடக்கிறோம். பத்து வருடத்துக்கு மேல் அந்தச் செய்தியைப் பத்திரமாகப் பதுக்கி வைத்து, தேடி வந்தவன் கையில் கொடுத்தது ஒரு கல் குவியல். பதுக்கை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான குவியல் இருக்குமா தெரியவில்லை.

அமெரிக்காவின் அகேடியா தேசியப் பூங்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் மலைப்பாதைக்கு ஒரு குறி முறை வைத்தார்: இரண்டு கல் கால் மாதிரி, அதன்மேல் குறுக்கே ஒரு கல், உச்சியில் வழி காட்ட ஒரு சிறு கல். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுமைதாங்கி நினைவுக்கு வந்தது. நம் பழைய சாலையோரத்தில் இரண்டு நிறுத்துக்கல், மேலே ஒரு குறுக்குக்கல், தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைக்கும் கல் அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, போகிறவர்கள் எல்லாம் தங்கள் சுமையை அங்கே இறக்கட்டும் என்று. பேட்ஸ் வைத்த குறி வழியை மட்டும் சொல்லும். அதே வடிவத்தில் நம்மவர் ஒரு துக்கத்தையும் ஒரு வசதியையும் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு நம்மிடம் உயிரோடு இருக்கிற கல்லடுக்கு எது என்றால், சதுரகிரி ஏறுகிறவர்கள், திருவண்ணாமலைப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பாதையோரம் நாலைந்து சிறு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். சொந்த வீடு கட்டவேண்டும் என்ற வேண்டுதல். சிலர் மாடி வீட்டுக்கு இரண்டு அடுக்கு கூடுதலாக வைப்பதும் உண்டு. கேலி செய்யத் தோன்றும், ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கைநடுக்கம் புரியும். இதே அடுக்கை வெளிநாட்டுப் பூங்காக்களில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்க அடுக்குவது இப்போது பெரிய தலைவலி. உண்மையான வழிக்குறி எது, விளையாட்டுக்கு அடுக்கியது எது என்று தெரியாமல் மலையேறுகிறவர்கள் வழி தவறுகிறார்கள், ஓடையில் கல்லைப் புரட்டினால் அதன் அடியில் வாழும் பூச்சியும் பார்க்கப் பல்லி மாதிரியே இருக்கும் நீர்நில உயிர்களும் போய்விடுகின்றன. அதனால் அடுக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகங்களே கேட்டுக்கொள்கின்றன.

நம் பக்கத்துத் தலைவலி இதற்கு நேர் எதிர். இங்கே பழைய குவியல்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கல்வட்டத்தைக் காலிசெய்ய மண் அள்ளும் இயந்திரத்துக்கு அரை நாள்கூட வேண்டாம். கல்குவாரி, வீட்டுமனை, தென்னந்தோப்பு, எதுவாக இருந்தாலும் முதலில் போவது அந்த 'உதவாத கல் மேடு'தான். செய்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அது என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். மேட்டுக்காட்டு விவசாயி தன் நிலத்தில் பொறுக்கிய கல்லைத் தானும்தான் ஓரத்தில் குவித்து வைக்கிறான், அதுவும் இதுவும் ஒன்றாகத்தான் தெரியும்.

பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வரப்போரக் குவியல் நீளவாக்கில், ஒழுங்கில்லாமல், ஓரமாகக் கிடக்கும். கல்வட்டம் நடுக்காட்டில், வட்டமாக, நடுவில் லேசாக மேடிட்டு இருக்கும். சுற்றிலும் இருக்கும் கற்கள் ஓர் ஆள் தூக்க முடியாத அளவு, உள்ளே கிடப்பவை கைக்கடக்கம். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னும் சில இருக்கும். உழும்போது கறுப்பும் சிவப்புமான பானை ஓடு மேலே வந்திருக்கும். மூடுகல்லையும் பக்கப் பலகையையும் எடுத்துப்போய் வேறு வேலைக்குப் போட்டுக்கொள்வது பழைய வழக்கம், துணி துவைக்க, வாசற்படிக்கு, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாக. அப்படி ஏதாவது பழைய பலகைக்கல் உங்கள் ஊரில் கிடந்து, அதில் கை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருந்தால், அது கதவுக்குப் போட்ட துளை இல்லை.